கருவியில் கோளாறு இல்லை

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் லிஃப்ட் ஒரு நல்ல ஆய்வுக்கூடம், மஜீது பாய். புக்கிட் பாஞ்சாங்கில் உயரமான புளோக்குகளில் அதுவும் ஒன்று. உயரமானியைக் கையில் பிடித்துக்கொண்டு கீழிருந்து ஏறினால், மாடிக்கு மாடி காற்றழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதை அது கவனித்துக்கொண்டே வரும். பக்கத்து வீட்டு உமாமகேஸ்வரி அக்கா மார்க்கெட் பையோடு ஏறும்போதெல்லாம் கேட்பார்: "என்ன லியோனல், இன்னிக்கும் ராக்கெட்டுக்கு வாக்கிங்கா?"

நம் ராக்கெட் மன்றத்துக்கு நீங்கள் தலைவர். விபத்து அறிக்கையில் கையெழுத்துப் போடப்போகிறவரும் நீங்கள்தான். அன்று உங்கள் மகள் நிக்காஹ் வேலையில் இருந்ததால் ஜொகூருக்கு ராக்கெட் விட வரவில்லை. எலக்ட்ரானிக்ஸ் தெரியாது என்று நீங்களே சொல்வீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். டன்லப் ஸ்திரீட்டில் இந்த நேரத்தில் சத்தம் அதிகம்தான். ஆனாலும் இந்த மூலை மேசையில் பேசலாம். டீயைக் குடியுங்கள்.

ராக்கெட் உச்சிக்குப் போனதும் பாராசூட் வெளியே வரவேண்டும். அதற்காகச் சிறிதளவு வெடிமருந்து வைத்திருப்போம். அது வெடித்து மூக்குக் கூம்பைத் தள்ளிவிடும், பின்னாலேயே பாராசூட் வரும். எப்போது வெடிக்க வேண்டும் என்று சொல்வது உயரமானி. பெயர்தான் உயரமானி, அதற்கு உயரம் தெரியாது. ராக்கெட்டின் உடம்பில் உள்ள சின்னத் துளை வழியாக வரும் காற்றின் அழுத்தம் மட்டும்தான் தெரியும். அழுத்தம் குறைந்தால் ஏறுகிறோம் என்று நினைக்கும். குறைந்தது மறுபடி கூட ஆரம்பித்தால், உச்சியைத் தாண்டிவிட்டோம் என்று முடிவு செய்து வெடிக்கச் சொல்லும்.

இதில் எல்லாமே ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதுதான். துளை சிறியதாக இருந்தால் உயரமானி தாமதமாக விழித்துக்கொள்ளும். பெரியதாக இருந்தால் வெறும் காற்றடித்தாலே ஏமாறும். உயரமானி உள்ள போர்டை நடு உடம்பில் வைத்தால் அளவு துல்லியமாக வரும், ஆனால் தனி அறை வேண்டும், எடை கூடும். நான் கூம்புக்குள் வைத்தேன், துளையும் கூம்பிலேயே. அடுத்தது ஸ்விட்ச். மற்றவர்கள் இரண்டு வைப்பார்கள். ஒன்று போர்டை எழுப்ப, இன்னொன்று வெடிமருந்தை அதனோடு இணைக்க. அந்த இரண்டாவது ஸ்விட்ச் அதிர்வில் விலகிவிட்டால் பாராசூட் வராது, ராக்கெட் ஈட்டிபோல் தரையில் இறங்கும். அதனால் நான் ஒரு ஸ்விட்ச்தான் வைத்தேன். இரண்டாவதுக்குப் பதில் புரோகிராமில் ஒரு காத்திருப்பு எழுதினேன். போர்டு விழித்த முதல் பத்து நிமிடத்துக்கு அழுத்தம் என்ன சொன்னாலும் வெடிக்காது, ராக்கெட்டை ஏவுவது அதற்குப் பிறகுதான். உச்சி வந்ததாக நினைத்தால் ஒரு பீப் சத்தம் மட்டும் போடும். எடையே இல்லாத பாதுகாப்பு. என் மகள் ஜோவன்னா பிறந்த வருடம் அதை எழுதினேன். இப்போது அவள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள்.

அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான் அகிலன் சோதனை செய்வான். உங்களுக்குத் தெரியும், எல்லோரும் அதை முத்தம் என்பார்கள். சாய்த்து வைத்த ஏவு தண்டவாளத்தில் ராக்கெட் படுத்திருக்கும். அவன் அதன் முன்னால் மண்டியிட்டு, கூம்பின் முனை நெஞ்சைத் தொடக் குனிந்து, துளையில் வாய் வைத்துக் காற்றை மெல்ல இழுப்பான். போர்டு ஏறுவதாக நினைக்கும். வாயை எடுப்பான். இறங்குவதாக நினைக்கும். பீப். துளை அடைபடவில்லை, போர்டு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

"இனியா அண்ணிக்கு வீடியோ அனுப்பவா லா?" என்று வெங்கட் ஒவ்வொரு முறையும் கேட்பான்.

"அனுப்புடா. அவளுக்கே இப்படி ஒண்ணு கிடைச்சு நாளாச்சு," என்பான் அகிலன்.

நல்ல பையன். பூன் லேயில் இருந்து இரண்டு பஸ் மாறி என் வீட்டுக்கு வந்து சால்டரிங் கற்றுக்கொண்டவன். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். அவன்தான் போன கூட்டத்தில் என் போர்டை நிறுத்திவிட்டு, இரண்டு ஸ்விட்ச் உள்ள வெளிநாட்டு போர்டு வாங்கலாம் என்றான்.

"உங்க போர்டு மேல நம்பிக்கை இல்லாம இல்லண்ணே," என்றான். "ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தா கண்ணுக்குத் தெரியுது. நீங்க எழுதின காத்திருப்பு தெரியல. அது இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? யாருக்காவது ஏதாவது ஆகறதுக்குள்ள மாத்திடலாம்."

"லியோனல் அண்ணனுக்கு ஸ்விட்ச்னா அலர்ஜி லா," என்றான் வெங்கட். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் வாக்கெடுப்பு வைத்தீர்கள். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். ஜொகூர்தான் என் போர்டுக்குக் கடைசிப் பறத்தல் என்று முடிவானது.

எனக்குக் கோபம் வரவில்லை, பாய். அவன் கேட்டது நியாயமான கேள்வி என்றுதான் தோன்றியது. நான் சில நாள் அதையே யோசித்தேன். காத்திருப்பு ஒரு முறைகூடத் தவறியதில்லை. தவறாத ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது என்பதுதான் அதில் சிக்கல். என் புரோகிராமை நம்ப முடியாது என்று சொன்ன அகிலன், ஒவ்வொரு முறையும் தன் நெஞ்சை அதற்கு முன்னால் கொண்டுபோய் வைத்தான். அவனை அத்தனை முறையும் காப்பாற்றியது எது என்று அவனுக்கே தெரியவில்லை. எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எடுத்தேன். புரோகிராமில் ஒரே ஒரு வரி. லிஃப்டில் ஏறி இறங்கிச் சோதித்தேன், வெடிமருந்துக்குப் பதில் ஒரு சிறு பல்பு. மேலே போய்க் கீழே வரத் தொடங்கியதும் பல்பு எரிந்தது. உமாமகேஸ்வரி அக்காவும் பார்த்தார். "அட, லைட்டு வேற போட்டிருக்கியே," என்றார்.

ஜொகூரில் செம்பனை மரங்களை வெட்டிவிட்ட தோட்டம், வழக்கமான இடம். வானம் தெளிவாக இருந்தது. நான் வெடிமருந்து வைத்துக் கூம்பை மூடினேன். ராக்கெட்டைத் தண்டவாளத்தில் ஏற்றினோம். அகிலன் ஸ்விட்சைப் போட்டான். தாரணி கேமராவோடு அவன் தோளை ஒட்டி நின்றாள், புதிதாகச் சேர்ந்த பெண், கல்லூரி மாணவி. எந்த இடத்தில் நிற்கக் கூடாது என்று அவளுக்கு இன்னும் தெரியாது. "தாரணி, இங்க வாம்மா, இந்த வயரைக் கொஞ்சம் பிடி," என்று கூப்பிட்டேன். வந்தாள். பிடிக்க வேண்டிய வயர் எதுவும் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கவனமில்லாமல் இருந்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அகிலன் மண்டியிட்டான். "கடைசி முத்தம் லா," என்றான் வெங்கட். அகிலன் சிரித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தான். "சாரிண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. இது நல்ல போர்டுதான்," என்றான்.

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவன் இழுத்தான். வாயை எடுத்தான்.

கூம்பின் முனையில் பித்தளை எடை வைப்போம், ராக்கெட் நேராகப் போவதற்கு. அது அவன் நெஞ்சில் இறங்கியது. பாராசூட் சரியாகவே வெளியே வந்து புல்மேல் விரிந்து கிடந்தது. மடித்ததில் ஒரு பிழையும் இல்லை. தாரணி கத்திக்கொண்டிருந்தாள். நான் போய் ஸ்விட்சை அணைத்தேன். அதுதான் முதலில் செய்ய வேண்டியது.

அங்கே விசாரித்தவர்கள் விபத்து என்றார்கள். இனியா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மெஷின் கெட்டுப்போனா நீங்க என்னண்ணே பண்ணுவீங்க," என்று ஆறுதல் சொன்னாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். நேற்று உங்கள் அறிக்கையின் வரைவு வந்தது. காரணம் என்ற இடத்தில் கருவிக் கோளாறு என்று போட்டிருக்கிறீர்கள். அதற்காகத்தான் உங்களை இங்கே வரச் சொன்னேன்.

அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள், பாய். கோளாறு எதுவும் இல்லை. என்ன எழுதியிருந்ததோ அதைத்தான் போர்டு செய்தது. அகிலனைக் கொன்றது நான். போலீஸுக்குப் போக வேண்டும் என்றால் சேர்ந்தே போகலாம், எனக்கு வேறு வேலை இல்லை.

காத்திருப்பைத் திரும்ப எழுதிவிட்டேன். காலையில் லிஃப்டில் சோதித்துப் பார்த்தேன், பல்பு எரியவில்லை, பீப் மட்டும்தான். அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பை இன்னொரு முறை வையுங்கள். இந்த முறை என் போர்டுக்குக் கை தூக்குவார்கள் என்று நினைக்கிறேன்.