கத்தினால் விழுங்கும் பெட்டி

எனக்குச் சத்தம் பிடிக்காது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது சரியில்லை, ஐயா. எனக்குப் பிடிக்காதது வெந்தயக் குழம்பு ஒன்றுதான். சத்தத்தோடு எனக்கு எந்த விரோதமும் கிடையாது. சத்தத்தால்தான் என் வீட்டில் உலை வைக்கிறார்கள்.

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் புகாரைப் படித்துக் காட்டினார். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. அதில் இருப்பது அத்தனையும் உண்மை, எதையும் மறுக்கப்போவதில்லை. ஏன் செய்தேன் என்பது மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் உங்களுக்கே நியாயமாகப் படும்.

பெயர் நாகபூஷணம், ஊர் நகரி. எங்கள் தெருவில் எல்லோருக்கும் தறி, எனக்கு ரேடியோ ரிப்பேர். ஆம்ப்ளிபயரும் கட்டுவேன். சின்னச் சத்தத்தை வாங்கிப் பெரிய சத்தமாகத் திருப்பிக் கொடுக்கிற பெட்டி. மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் யுத்தத்தில் கழித்த வால்வுகள் கிடைக்கும். அவற்றை வாங்கி வந்து, தகரத்தை வெட்டி வளைத்து, டிரான்ஸ்பார்மர் கம்பியை என் மனைவி வள்ளி தறிக்கு நூல் தார் சுற்றும் ராட்டையிலேயே சுற்றிவிடுவேன்.

"நூலு சுத்துற ராட்டையில தாமிரத்த சுத்திக்கினு கீறியே, நாளைக்குத் தறியில ஒங்க நைனாவா வந்து குந்துவாரு?" என்று கத்துவாள். முன்பெல்லாம் கத்துவாள்.

இந்த ஊர் ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் கிளார்க்காக இருக்கும் உமாபதியை உங்களுக்குத் தெரியும். கிடாரை மடியில் படுக்கப் போட்டு, எஃகுத் துண்டைக் கம்பி மேல் இழைத்து வாசிப்பான். அரக்கோணத்தில் ஓர் ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு சொல்லிக்கொடுத்தது. திருப்பதியில் வெங்கடரமணன் என்று ஒரு தலைமையாசிரியர். அவர் மகள் தாட்சாயணியை உமாபதிக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணுக்குச் சம்மதம். தகப்பனாருக்குத்தான், கிடார் வாசிக்கிறவன் குடும்பம் நடத்துவானா என்று ஒரு கவலை. தங்கள் சங்கத்து ஆண்டு விழாவில் பையன் வாசிக்கட்டும், கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஆக, உமாபதியின் கல்யாணம் ஒரு கச்சேரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் என்னிடம் வந்து உட்கார்ந்து சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"அண்ணா, எனக்கு ஊரக் கூட்டுற சத்தம் வேணாம். எதிர்ல குந்திக்கினு கீறவங்களுக்கு, கம்பி மேல இந்த இரும்பு நடக்கறது கேட்டாப் போதும்."

ஐயா, பதினோரு வருஷத்தில் என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் 'இன்னும் சத்தம், இன்னும் சத்தம்' என்றுதான் கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒருவன் கேட்டது அதுதான் முதல் தடவை. நான்கு மாதம் உட்கார்ந்து கட்டினேன். பழைய டெலிபோன் காந்தத்தைக் கம்பிகளுக்கு அடியில் பொருத்தினேன். 'உம்' என்ற இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று மூங்கில் குச்சியால் ஒவ்வொரு ஒட்டாகத் தட்டிப் பார்த்து, வயர்களை முறுக்கி, டிரான்ஸ்பார்மரை மூன்று தடவை இடம் மாற்றினேன். கடைசியில் பெட்டி ஓடுகிறதா இல்லையா என்று வால்வைத் தொட்டுச் சூடு பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவு அமைதி.

கச்சேரிக்கு முந்தின நாள் பாலசுந்தரம் நான்கு பேரோடும் ஒரு மாட்டு வண்டியோடும் வந்தார். ஆந்திர ராஜ்யம் பிரிந்து நாலாவது வருஷம். எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று முடிவாகாத நேரம். நகரி மெட்ராஸோடுதான் சேர வேண்டும் என்று பேசுகிற கட்சிக்கு அவர் தலைவர்.

"யோவ், தமிழுக்காக ஒரு நாளு பொட்டியத் தரமாட்டியா நீ? நாலு மணிக்குள்ள அனுப்பிட்றேன்யா."

நாலு மணிக்குத்தான் பேச ஆரம்பித்தார். எட்டு மணிக்கு முடித்தார். முடித்தது அவரில்லை, டிரான்ஸ்பார்மர். கூட்டத்தில் ஏதோ வறுபடுகிற வாசனை வந்ததாகவும், வேர்க்கடலைக்காரியை நான்கு பேர் திரும்பிப் பார்த்ததாகவும் பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் உமாபதி பெட்டி இல்லாமல் திருப்பதியில் வாசித்தான். முதல் வரிசையில் இருந்தவர்களுக்கு ஏதோ கேட்டதாம். மூன்றாவது வரிசையிலிருந்து, தம்பி எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டார்களாம். தலைமையாசிரியர் தங்கமான மனுஷர். மூன்று மாதத்தில் இன்னொரு விழா வருகிறது, அதில் பார்ப்போம் என்றார்.

டிரான்ஸ்பார்மரை மறுபடியும் சுற்றினேன். அப்போதுதான் அந்தக் கண்டன்சரைப் போட்டேன். புகாரில் 'கெட்ட எண்ணத்துடன்' என்று எழுதியிருக்கிறது. அந்த ஒரு சொல்லை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள்.

விஷயம் சுலபம். ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்குச் சத்தம் ஒரு கண்டன்சர் வழியாகத்தான் போகும். போட வேண்டிய அளவில் போட்டால் வந்ததை வந்தபடி தள்ளிவிடும். நான் அதைப்போல நூறு மடங்கு பெரியதாகப் போட்டேன். அப்படிப் போட்டால், மெதுவாகப் பேசுகிறவரைக்கும் தேனாக ஓடும். யாராவது கத்தினால் கண்டன்சர் முட்ட முட்டக் குடித்துவிட்டு, கல்யாண விருந்து சாப்பிட்டவர் மாதிரி வாசலை அடைத்துக்கொண்டு படுத்துவிடும். ஆறு விநாடிக்கு ஒன்றும் வெளியே வராது. பிறகு தானாக எழுந்திருக்கும்.

தேரடியில் நடந்த அடுத்த கூட்டத்துக்குப் பாலசுந்தரம் வண்டி அனுப்பியபோது பெட்டியை நானே ஏற்றிவிட்டேன். கூடவே போனேன்.

பேச்சாளர்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்பார்கள், பதிலைக் கத்துவார்கள்.

"நகரி யாருடையது?" என்றார் பாலசுந்தரம். அடிவயிற்றிலிருந்து அழகாக வந்தது. பிறகு கையை உயர்த்தினார், வாயைத் திறந்தார். 'டொப்' என்று ஒன்று கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கழுத்து நரம்பு புடைப்பது நன்றாகத் தெரிந்தது.

"அத்த நீதானப்பா சொல்லணும்?" என்றாள் வேர்க்கடலைக்காரி.

"தாய்மார்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று" என்றார் அடுத்து. கை உயர்ந்தது. டொப். கேட்டது என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. ஆறு விநாடி கழித்து, பக்கத்தில் இருந்த ஆளிடம் அவர் மெதுவாகச் சொன்னது மட்டும் ஊர் முழுக்க மணி மணியாகக் கேட்டது: "சோடா எங்கடா?"

கூட்டம் கை தட்டியது. மூன்று பெண்கள் எழுந்து சோடா வாங்கி வந்து மேடையில் வைத்தார்கள். ஒரு தலைவர் கேட்டதை ஜனங்கள் உடனே கொடுத்து நான் பார்த்தது அன்றுதான்.

"இன்னா நாகபூஷணம், பொட்டி கம்முனு கீது?" என்று பாலசுந்தரம் கோபமாக வந்தார்.

நான் மைக் முன்னால் நின்று, "ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்றேன். பால் மாதிரி வந்தது. "பெட்டியில ஒண்ணும் இல்லீங்களே" என்றேன். அவரும் "ஹலோ" என்றார். வந்தது. எங்கள் பக்கத்தில் மைக்கைச் சோதிக்கிறவர்கள் எல்லோரும் மெதுவாகத்தான் சோதிப்பார்கள், ஐயா. யாரும் கத்திச் சோதிப்பதில்லை. என்மேல் சந்தேகம் வராததற்கு அந்த மரியாதைதான் காரணம்.

நான் ஒரு பக்கம் சாய்ந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். நகரி ஆந்திராவை விட்டுப் போகாது என்று பேசுகிற மங்கபதி நாயுடுவுக்கும் அதே பெட்டியைத்தான் கொடுத்தேன். அதே தேரடி, அதே மேடை, மறுநாள். பேச்சும் அதுதான்; ராஜ்யத்தின் பெயரும் பாஷையும் மட்டும் வேறு. முந்தின நாள் கை தட்டியவர்கள்தான் அங்கேயும் இருந்தார்கள், வேர்க்கடலைக்காரி உட்பட. அவரும் கேள்வியைக் கேட்டார், கையைத் தூக்கினார், மறைந்துபோனார். இறங்கி வந்து, "ஏமய்யா, பெட்டெக்கு ஏமயிந்தி?" என்று அதே கேள்வியைத் தெலுங்கில் கேட்டார். அவருக்கும் ஒன், டூ, த்ரீ சொல்லிக் காட்டினேன்.

தெலுங்குக்காரர்கள் வயரை அறுக்கிறார்கள் என்று பாலசுந்தரம் முடிவு கட்டினார். தமிழர்கள் அறுக்கிறார்கள் என்று நாயுடு முடிவு கட்டினார். இரண்டு கட்சியும் தங்கள் தங்கள் கூட்டத்தில் மேடையிலிருந்து ஹாரன் ஸ்பீக்கர் கட்டிய புளியமரம் வரைக்கும் மூன்றடிக்கு ஓர் ஆளைத் தடியோடு நிறுத்தின. பேச்சைக் கேட்க ஆள் மிச்சமில்லை. இருந்தாலும் அந்த மூன்று மாதத்தில் நகரியில் ஒரு மண்டைகூட உடையவில்லை. உங்கள் ஸ்டேஷன் ரிஜிஸ்டரைப் புரட்டினால் தெரியும். எனக்கு யாரும் நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு பழக்கம் நல்லது என்று தெரிந்த பிறகு அதை ஓரிடத்தோடு நிறுத்துவது சரியில்லை. ரிப்பேருக்கு வந்த பெட்டிகளுக்கும் போட்டுக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துப் பெட்டி, டூரிங் டாக்கீஸ் பெட்டி, நூல் சொசைட்டிப் பெட்டி. சொசைட்டி கிடங்கில் தீப்பிடித்த அன்று, காவல்காரர் மைக்கைப் பிடித்து 'நெருப்பு' என்று கத்தியிருக்கிறார். டொப். மறுபடி கத்தியிருக்கிறார். பதினோரு பொதி நூல் போயிற்று, ஆள் சேதமில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். மெதுவாகச் சொல்லியிருந்தால் நகரி முழுக்கக் கேட்டிருக்கும்.

வள்ளிக்குப் பெட்டி கிடையாது. அவள் கத்தினால் நான் எழுந்து வெளியே போய் ஆறு எண்ணிவிட்டுத் திரும்பி வருவேன். இப்போது அவள் கத்துவதில்லை. பேசுவதும் இல்லை, ஆனால் வீடு நிம்மதியாக இருக்கிறது.

இனி உமாபதி. அவன் கச்சேரிக்காகக் கண்டன்சரைக் கழற்றிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று காலை சாலிடர் வைக்கிற இரும்பைக்கூடக் கரியடுப்பில் காய வைத்தேன். அவன் கிடாரோடு வந்தான். தலைக்கு எண்ணெய் வைத்து, புதுச் சட்டை போட்டிருந்தான்.

"அண்ணா, போன தபா கொசு கத்தினா மாரி இருந்திச்சுன்னு மாமனாரு யார்கிட்டயோ சொன்னாராம். இந்த தபா கடைசில ஒரு இழுப்பு இழுக்கப்போறேன். மண்டபம் அதிரணும். மனுஷன் மிரண்டுபுடணும்ணா."

மாமனார் என்று அப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

கம்பி மேல் இரும்பு நடப்பது கேட்டால் போதும் என்று சொன்ன அதே வாய், ஐயா. காய்ந்த இரும்பை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். 'சுர்' என்றது. அது மட்டும் கொஞ்சம் தேவையில்லாத சத்தம்.

பின்னால் விஷயம் தெரிந்து உமாபதி கேட்டபோது, கழற்ற மறந்துவிட்டேன் என்று அவனிடம் சொன்னது பொய். மறக்கவில்லை.

திருப்பதியில் முதல் அரை மணி நேரம் அவன் வாசித்ததை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். மண்டபத்தில் ஒருவர் இருமவில்லை. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தாட்சாயணி தூணுக்குப் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அங்கே நிறுத்தியிருந்தால் போதும். அவன் கையை ஓங்கினான்.

டொப்.

கண் மூடி, தலையை ஆட்டி, இரும்பை மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டிருந்தான். ஒரு சத்தமும் இல்லை. பயந்துபோய் இன்னும் ஓங்கி இழுத்தான். இன்னும் ஆறு விநாடி. "கம்பி அறுந்துபோச்சாப்பா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். அவன் கையை எடுத்த பிறகு பெட்டி எழுந்து, பூனை சோம்பல் முறிக்கிற மாதிரி அந்த இழுப்பின் வால் துண்டை மட்டும் கொடுத்தது.

தலைமையாசிரியர் என் காதோரம் வந்தார். "பையன் கெட்டவன் இல்ல. ஆனா நடுநடுவுல எங்கயோ போயிட்டு வரானே, வலிப்பு கிலிப்பு உண்டோ?"

உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மெதுவாக, "பார்த்துக்கலாம்" என்றேன்.

பெண்தான் விடவில்லை. இன்னொரு தடவை கேட்கலாம் என்று தகப்பனாரிடம் பிடிவாதம் பிடித்ததாம். வருகிற வெள்ளிக்கிழமை, அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே. அதுதான் கடைசி என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டாராம். அதற்குள் உமாபதி பெட்டியைச் சித்தூரில் யாரோ ரேடியோக்காரரிடம் காட்டியிருக்கிறான். அவர் திறந்து பார்த்து, சிரித்து, விளக்கம் சொல்லியிருக்கிறார். ஆக, என்மேல் புகார் கொடுத்தது பாலசுந்தரமும் இல்லை, நாயுடுவும் இல்லை. உமாபதி. என் காதுக்கு ஈடான காது இந்த ஜில்லாவில் அவனுக்குத்தான் உண்டு. அதனால் எனக்குக் கோபம் இல்லை.

ராஜியாகப் போய்விடலாம் என்று நீங்கள் பெரிய மனசோடு சொன்னீர்கள். சொன்னபடி செய்துவிட்டேன். இந்த மேசையிலேயே பெட்டியைத் திறந்து, டீக்கடை அடுப்பில் இரும்பைக் காய்ச்சி, உங்கள் கண் முன்னால் அந்தக் கண்டன்சரைக் கழற்றினேன். ரைட்டர் அதைக் காகிதத்தில் சுற்றி முத்திரை வைத்துவிட்டார். உமாபதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். பெட்டியைக் கொடுத்து அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை நிம்மதியாக வாசிக்கட்டும்.

கழற்றிய இடத்தை வெறுமனே விட்டால் பெட்டி பேசாது. அதனால் நீங்கள் முத்திரைக்கு அரக்கு தேடிக்கொண்டிருந்தபோது கையில் இருந்த வேறொரு கண்டன்சரைப் பற்ற வைத்துவிட்டேன். பழையது ஆறு விநாடிதான் அடைத்தது. இது பத்து அடைக்கும். பெண்ணைப் பெற்றவர் வீட்டுக்குள் போகிற பையன் கொஞ்சம் அடக்கமாக இருப்பதுதான் அவனுக்கு நல்லது.