தொட்டில் ரூமில் யாருக்கு என்ன வேலை

டோரதி: நாலாவது சொல்லுங்க.

கேத்தரின்: நாலாவதும் நான்தானா? உங்க பக்கத்துல இன்னும் ஒரு எழுத்துகூட விழலியே மிஸ்ஸு. வெள்ளவெளேர்னு கெடக்குது.

டோரதி: என்னோடது கடைசியில. முதல்ல ஆயா வேலை, அப்புறம் டீச்சர் வேலை. சூப்பரண்ட் அம்மா அப்படித்தான் எழுதச் சொன்னாங்க. தொட்டில் துணி மாத்துறது எழுதிட்டேன். ஈரத்துணி அலசிப் போடுறது எழுதிட்டேன். பால் மணி அடிச்சா பிள்ளையை எடுத்து அம்மாக்காரி கையில குடுக்கறது...

கேத்தரின்: ஈ ஓட்டுறது.

டோரதி: கேத்தரினம்மா...

கேத்தரின்: எழுதுங்க. நாள் பூரா நான் அதத்தான பண்றேன். தொட்டில் பதினாறு, விசிறி ஒண்ணு.

டோரதி: இதைப் பெயின்டர்கிட்ட குடுத்து பலகையில எழுதி வாசல்ல மாட்டப் போறாங்க. ஈ ஓட்டுறதெல்லாம் எழுத முடியுமா? நாளைக்குப் பத்து மணிக்கு லேடி இன்ஸ்பெக்டர் வந்து முதல்ல அதைத்தான் படிப்பாங்க.

கேத்தரின்: படிச்சுட்டு? "ஓஹோ, துணி அலசுறவ இவ, பாட்டு சொல்லிக் குடுக்குறவ அவ"ன்னுட்டு, வந்த வழியே போயிடுவாங்களா?

டோரதி: போனா நல்லது.

கேத்தரின்: ஒம்போது வருஷமா இந்த மில்லு தொட்டில் ரூமுக்குப் பலகையே கெடையாது. இந்தப் பத்து நாளாத்தான் எல்லாருக்கும் பலகை ஞாபகம்...

டோரதி: மில்லு கேட்டுக்குள்ள ஒரு குழந்தை செத்திருக்கு. யார் எதுக்குப் பொறுப்புன்னு கேட்க மாட்டாங்களா?

கேத்தரின்: ஜன்னின்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரே. ஜன்னிக்கு யாரு பொறுப்பு? அதயும் உங்க அழகான கையெழுத்துல எழுதுங்க.

டோரதி: கிண்டல் வேண்டாம்.

கேத்தரின்: கிண்டல் பண்ணலன்னா நான் அழணும். அழுதா இந்தப் பதினஞ்சும் சேந்து அழும்.

டோரதி: ...பதினஞ்சு.

கேத்தரின்: ஆமா. இப்பப் பதினஞ்சு.

டோரதி: சரி, நாலாவது நானே எழுதிட்டேன். படிக்கிறேன், கேட்டுட்டு கையெழுத்துப் போடுங்க. "குழந்தைகளின் வாயில் போகும் பால், கஞ்சி, மருந்து எதுவானாலும் அதற்கு ஆயாவே பொறுப்பு."

கேத்தரின்: இன்னொரு வாட்டி படிங்க.

டோரதி: அதேதான்.

கேத்தரின்: "ஆயாவே"ன்னு இருக்குதே. அந்த "வே" எதுக்கு?

டோரதி: எழுத்துத் தமிழ்ல அப்படித்தான் வரும்.

கேத்தரின்: நானும் கோயில் பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாஸ் படிச்சவதான் மிஸ்ஸு. இதுல கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அந்தம்மா என்னத்தக் கேக்கும் தெரியுமா? "அன்னிக்கு அந்தப் புள்ள வாயில என்ன போச்சு?"ன்னு கேக்கும். நான் என்ன சொல்லட்டும்?

டோரதி: என்ன போச்சோ அதைச் சொல்லுங்க.

கேத்தரின்: அப்படியா.

டோரதி: என்னை ஏன் அப்படிப் பாக்கறீங்க?

கேத்தரின்: ரிச்சர்ட்ஸ் டவுன்ல இருந்து கொடை புடிச்சிக்கிட்டு வர்ற மொகத்தப் பாக்குறேன். மெட்ராஸ்ல ரெண்டு வருஷம் டிரெய்னிங் எடுத்த மொகத்த. அன்னிக்குத் துரைசானி இந்த ரூமப் பாக்க வராங்கன்னு காலையில ஓடி வந்து என்ன சொன்னீங்க?

டோரதி: என் கிளாஸ் பிள்ளைங்க பாடும்போது சத்தம் வேண்டாம்னு சொன்னேன்.

கேத்தரின்: "தொட்டில் பக்கத்துல இருந்து ஒரு சிணுங்கல்கூட வரக்கூடாது, கேத்தரினம்மா." அதான் சொன்னீங்க. பதினாறு கைப்புள்ளைங்க. சின்னதுக்கு நாலு மாசம், பெருசுக்குப் பதினோரு மாசம். நான் எப்படித் தூங்க வைப்பேன்னு நெனச்சீங்க? ஒவ்வொண்ணா மடியில போட்டு ஆட்டியா?

டோரதி: நான் கேட்கல.

கேத்தரின்: ஆமா, கேக்கல. வந்து ரெண்டு மாசமாச்சு, ஒரு நாளு கேக்கல. மிஷின் சத்தம் கூரையப் பிச்சிக்கிட்டுப் போகுது, இங்க பதினாறும் கட்டை மாதிரி தூங்குதேன்னு கேட்டிருக்கலாம். உங்க பக்கம் காலியா இருக்குதுல்ல? எழுதுங்க. டீச்சர் வேலை, ஒண்ணாவது: கேக்காம இருக்கறது.

டோரதி: மெதுவா பேசுங்க. என் பெரிய பிள்ளைங்க மரத்தடியிலதான் இருக்காங்க.

கேத்தரின்: மண்ணுல வீடு கட்டுதுங்க. அதுங்களுக்கு நம்ம பேச்சு எதுக்கு.

டோரதி: நீங்க கையெழுத்துப் போடலன்னா, ரெண்டு பேரையும்தான் கூப்பிட்டுக் கேட்பாங்க. எனக்கு வீட்டுல ரெண்டு தங்கச்சிங்க. அப்பாவுக்குக் கண்ணு தெரியாது...

கேத்தரின்: எனக்கு யாரும் இல்ல. அதனால நான் ஜெயிலுக்குப் போகலாம். அப்படித்தான?

டோரதி: நான் அப்படிச் சொல்லல...

கேத்தரின்: மணி அடிச்சாச்சு. பேப்பர எடுத்து வைங்க. பால் குடுக்க வந்துடுவாளுங்க. ...பாருங்க, மொத ஆளா யாரு வரான்னு.

டோரதி: இன்னைக்குமா?

கேத்தரின்: பத்து நாளா வரா. வா ருக்கு, வா. மூச்சு வாங்குது பாரு, ஏண்டி ஓடி வரே?

ருக்மிணி: கால் மணி நேரம்தானேக்கா குடுக்கறான். இன்னிக்கு மேஸ்திரி மடக்கிட்டான். "புள்ள இல்லாதவளுக்குப் பால் மணி எதுக்கு?"ன்னு.

டோரதி: என்ன சொன்னே?

ருக்மிணி: "ரவிக்கை நனைஞ்சு காக்கித் துணியில கறை பட்டா, யுத்தத்துக்குப் போன சிப்பாய் உன்னத்தான் தேடி வருவான்"னேன். விட்டுட்டான்.

கேத்தரின்: உன் வாயி இருக்குதே...

ருக்மிணி: எங்க பாமா புள்ள? குடுங்கக்கா. பாமாவுக்குத்தான் வத்திப் போச்சே. எனக்கு நெஞ்சு கல்லாட்டம் கட்டிக்கிட்டு நிக்குது. ...வாடி தங்கம். பாரு, எப்படிப் புடிக்கறா பாரு. திருட்டுக் கழுதை.

கேத்தரின்: மெல்லக் குடு. பொரை ஏறிடும்.

ருக்மிணி: மிஸ்ஸு என்னமோ எழுதிக்கிட்டு இருந்தீங்களே? நான் வந்ததும் மடிச்சுட்டீங்க.

டோரதி: ஒண்ணுமில்ல ருக்மிணி. இங்க யாருக்கு என்ன வேலைன்னு ஒரு பலகை.

ருக்மிணி: அதுல எனக்கும் எடம் இருக்குதா? ஆயா வேலை, டீச்சர் வேலை, அப்புறம் பெத்தவ வேலைன்னு?

டோரதி: ...இல்ல.

ருக்மிணி: அதுவும் சரிதான். பெத்தவளுக்கு இங்க கால் மணி நேரம்தானே வேலை.

கேத்தரின்: சும்மா இருடி. பால் குடுக்கறப்ப அதயெல்லாம் பேசாத.

ருக்மிணி: பேசலக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு இதே மணிக்கு நான் வந்தேனில்ல? எடுத்துக் குடுத்தீங்க. நான் வாயில வச்சேன். சப்பவே இல்ல. "தூக்கத்துல இருக்கான், விடு, மூணு மணிக்குக் குடு"ன்னீங்க.

கேத்தரின்: ஆமா.

ருக்மிணி: நானும் விட்டுட்டுப் போயிட்டேன். ஒதடு ஒரு மாதிரி நீலமா இருந்துச்சு. பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன். சங்கு ஊதிட்டா கேட்ட மூடிடுவானேன்னு போனேன்... அக்கா, அப்ப அவனுக்கு மூச்சு இருந்துச்சா?

கேத்தரின்: இருந்துச்சு. உம் மேல ஆணையா இருந்துச்சு.

ருக்மிணி: அப்ப எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தா?

டோரதி: ருக்மிணி, டாக்டர்தான் ஜன்னின்னு...

ருக்மிணி: ஒடம்பு சுடவே இல்லியே மிஸ்ஸு. சில்லுனு இருந்தான். சில்லுனு ஜன்னி வருமா?

கேத்தரின்: நான் குடுத்தேன் ருக்கு.

டோரதி: கேத்தரினம்மா, வேண்டாம்...

கேத்தரின்: நீங்க சும்மா இருங்க. நாளைக்கு எவ கிட்டயோ சொல்லப் போறத இன்னிக்கு இவ கிட்ட சொல்லிட்டுப் போறேன். அபின் குடுத்தேன்டி. ஒரு கடுகு அளவு. வெரல் நுனியில வச்சு, காலையில எட்டு மணிக்கு. துரைசானி வர்ற நேரம். அரைத்தூக்கத்துல இருந்தான். அவன் எழுந்தா மீதி பதினஞ்சும் எழுந்துக்குமேன்னு குடுத்தேன். எல்லாப் புள்ளைங்களுக்கும் குடுக்கறதுதான். அடிக்கறதுன்னா அடி. புள்ளையக் கீழ விட்டுட்டு அடி.

ருக்மிணி: இவ குடிச்சிக்கிட்டு இருக்கா. நீங்க சொல்லுங்க.

கேத்தரின்: ஆனா காலப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். மாதா மேல சத்தியம். பாதத்தத் திருப்பிப் பாத்தேன். பொட்டு இல்ல. மிஸ்ஸு, உங்களுக்குத் தெரியாது இது...

டோரதி: தெரியும்.

கேத்தரின்: தெரியுமா?

டோரதி: வீட்டுலயே அபின் குடுத்துட்டு வந்தா பிள்ளை பாதத்துல மைப்பொட்டு வைப்பாங்க. வாயால சொல்ல மாட்டாங்க, சொன்னா பேரை வெட்டிடுவாங்கன்னு. பொட்டு இருக்கற பிள்ளைக்கு நீங்க குடுக்க மாட்டீங்க. இல்லாத பிள்ளைக்கு மட்டும் குடுப்பீங்க.

கேத்தரின்: யாரு சொன்னது உங்களுக்கு?

டோரதி: போன வாரம் பாமா பிள்ளையோட பாதத்துல பாத்தேன். பாமாவைக் கேட்டேன்.

கேத்தரின்: கேட்டீங்களா! பரவால்லியே. அப்ப தெரிஞ்சுக்கிட்டேதான் "ஆயாவே"ன்னு எழுதியிருக்கீங்க. ...சரி, அது போவட்டும். ருக்கு, கேளுடி. ஒம்போது வருஷமா ஒரு புள்ளைக்கும் நான் தப்பாக் குடுத்ததில்ல. அன்னிக்கு உம் புள்ள துரைக்கண்ணு பாதம் சுத்தமா இருந்துச்சு. பட்டு மாதிரி. நீ வீட்டுல குடுக்கலதானே?

ருக்மிணி: இல்ல.

கேத்தரின்: குடுக்கல.

ருக்மிணி: குடுக்கலக்கா.

கேத்தரின்: அப்பா... மாதாவே. பத்து நாளா நான் சோறு திங்கல ருக்கு. ஒரு கடுகு ஒரு புள்ளையக் கொல்லாது. எட்டு மாசப் புள்ள, நல்லா கொழுகொழுன்னு இருந்தான். அப்படின்னா ஜன்னிதான். டாக்டர் சொன்னதுதான். கேட்டீங்களா மிஸ்ஸு? குடுங்க பேப்பர, கையெழுத்துப் போடறேன். வாயில என்ன போச்சுன்னு கேட்டா சொல்லிடறேன். அபின் குடுத்தவன்னு தொரத்தட்டும், பரவால்ல. கொன்னவன்னு சொல்ல மாட்டாங்க.

டோரதி: இருங்க. இப்பக் கையெழுத்து வேண்டாம்.

கேத்தரின்: இவ்ளோ நேரம் போடு போடுன்னீங்க?

டோரதி: வேண்டாம்னு சொல்றேன் இல்ல?

ருக்மிணி: அக்கா.

கேத்தரின்: என்னடி. ஏன் புள்ளைய எடுத்துட்டே? இன்னும் குடிக்கறாளே, அழுவறா பாரு.

ருக்மிணி: புடிங்க இவள. ...குடுத்தேன்க்கா.

கேத்தரின்: என்ன குடுத்தே?

ருக்மிணி: பல்லு மொளைக்குது, ராவெல்லாம் கத்தினான். அவரு ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வந்து படுக்கணும். ஜோகுபாளையத்துல ஒத்த ரூமு, பக்கத்து வூட்டுக்காரன் சொவத்த ஒதைக்கறான். விடியக்கால நாலரை மணிக்குக் குடுத்தேன். ஒண்ணு இல்ல, ரெண்டு கடுகு. அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா என்ன வெட்டிப் போட்டுடுவாரு. இந்த வூட்டுல எவளுமே அபின் தொடமாட்டான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறவரு.

கேத்தரின்: அடிப் பாவி. பொட்டு வைக்க மறந்துட்டியே!

ருக்மிணி: வச்சேன்.

கேத்தரின்: இல்லடி.

ருக்மிணி: வச்சேன்க்கா! வெளக்கு மையி, வெளக்கெண்ணெயில கொழச்சு, சோத்தாங்கால் பாதத்துல. எப்பவும் வைக்கற எடத்துல. காஞ்சப்புறம்தான் தூக்கிக்கிட்டு வந்தேன்.

கேத்தரின்: நான் பாத்தேன்டி. ரெண்டு காலயும் பாத்தேன்.

ருக்மிணி: துரைசானி வர்ற அவசரத்துல பாத்திருக்க மாட்டே. பாத்தேன்னு இப்பச் சொல்றே. பத்து நாளா நான் இங்கயே வந்து ஒக்காந்துக்கிட்டு இருக்கேன், நீ சோறு திங்கலன்னு கதை சொல்றே...

கேத்தரின்: ஏய். நீ மறந்துட்டு எம் மேல போடாத. புள்ளைய முழிப்பா இருக்கச்சே பாத்துக்க உனக்கு நேரமில்ல. ரெண்டு கடுகு! எட்டு மாசப் புள்ளைக்கு!

ருக்மிணி: நீ எத்தினி புள்ளைக்குக் குடுத்தே ஒம்போது வருஷமா?

கேத்தரின்: பொட்டு இருந்தா குடுப்பேனாடி? சொல்லு. நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன், பொட்டப் பாத்துட்டும் அவனுக்குக் குடுக்க?

ருக்மிணி: அப்ப நான் பொய் சொல்றேனா? செத்த புள்ளைய வச்சுக்கிட்டுப் பொய் சொல்றேனா?

கேத்தரின்: ரெண்டு பேருல ஒருத்தி பொய்தான சொல்றா!

டோரதி: ரெண்டு பேரும் பொய் சொல்லல.

கேத்தரின்: மிஸ்ஸு, நீங்க போங்க. உங்க புள்ளைங்க மரத்தடியில தனியா இருக்குதுங்க. இது உங்களுக்குப் புரியாது.

டோரதி: பொட்டு இருந்துச்சு, கேத்தரினம்மா. ருக்மிணி வச்சிருந்தா.

ருக்மிணி: நீங்க பாத்தீங்களா மிஸ்ஸு? அப்ப ஏன் இத்தினி நாளா...

டோரதி: அன்னைக்கு எட்டு மணிக்கு முன்னாடி நீங்க வெந்நீர் வாங்க பாய்லர் ரூமுக்குப் போயிருந்தீங்க. அவனோடது வாசல் பக்கத்துத் தொட்டில், துரைசானி உள்ள வந்ததும் முதல்ல அவனைத்தான் பாப்பாங்க. அவனையாவது சுத்தமா வைக்கலாம்னு... அது என் வேலையே இல்ல. பாதத்துல கறுப்பா இருந்துச்சு, அழுக்குன்னு நினைச்சேன். சுலபத்துல போகல. தூக்கத்துலயே காலை இழுத்துக்கிட்டான். நான்தான் பிடிச்சு வச்சுக்கிட்டு, போறவரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்ச்சேன்.