எப்பங்க கூப்பிடுவீங்க?

தறியில் வேலை செய்த பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஆரணியிலிருந்து முள்ளிப்பட்டு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு டீச்சர் இருந்தார். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்த நெசவுக்கார அம்மா கேட்டாள்:

"டீச்சர், எம் பொண்ண மறுபடி எப்பங்க கூப்பிடுவீங்க?"

"எங்கம்மா கூப்பிடணும்?"

"ஸ்கூலுக்குதாங்க. காலாண்டு லீவுக்கு அப்பறந்தான் தறியிலேர்ந்து கொண்டாந்து ஆறாவதுல சேத்தாங்க, உங்க கிளாஸ்தான். அரையாண்டு லீவுலேர்ந்து ஊட்லயே உக்காந்துகினு கீறா."

"ஸ்கூல் தொறந்து எவ்ளோ நாளாச்சு! ஏன் அனுப்பல?"

"லீவுக்கு முன்னாடி, பாடம்லாம் முடிஞ்சிட்ச்சின்னு சொன்னீங்களாம். தறியில ஒரு பாவு நூல நெய்ஞ்சி முடிச்சா, மொதலாளி கூப்ட்டு அடுத்த பாவு குடுக்கறவரைக்கும் நாங்க போவ மாட்டோங்க. இங்கயும் அப்டிதான்னு நெனச்சிகினா. தெருவுல ஸ்கூல் பொண்ணுங்க போனா, கூப்பிடத்தான் வராங்களோன்னு எழுந்து நிக்கறா."

"ஸ்கூலுக்கெல்லாம் யாரும் கூப்பிட மாட்டாங்கம்மா. நாமதான் வரணும்."

"அது தெரியலீங்க. ஏன் வரலன்னும் ஒருத்தரும் வந்து கேக்கலீங்க."

டீச்சர் அவள் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கே வரச் சொல்லுங்க. நானே கூப்பிட்டேன்னு சொல்லுங்க."

"சொல்றேங்க." அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. இறங்குவதற்கு எழுந்தாள்.

"ஆமா, பொண்ணு பேரு என்னம்மா?"

அவள் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"பேரே தெரியாம, நீங்க கூப்பிட்டீங்கன்னு அவளாண்ட எப்டிங்க சொல்றது?"