காத்துக்கு விட்ட வழி

மெதுவா தம்பி, மெதுவா. அந்த மூலைய மேசையில இடிச்சிராதீங்க. கனமாத்தான் இருக்கும், தேக்கு. ஒட்டுப்பலகையெல்லாம் இல்ல, பழைய கதவு ஒண்ண அறுத்து எடுத்தது. புறாக்கூடா? நல்லாச் சொன்னீங்க போங்க. எங்க நாத்தனாவும் மொத நாள் பாத்துட்டு இதையேதான் கேட்டா. அண்ணனுக்கு வயசான காலத்துல புறா வளக்குற ஆச வந்திருச்சான்னு.

கம்ப்யூட்டருக்குத் தண்ணி ஓட விடுறாங்கல்ல, அந்த ரேடியேட்டர் வைக்கிற பெட்டி இது. உள்ள பாருங்க, ரெண்டு ரேடியேட்டர், ஒம்போது ஃபேனு. எல்லாம் அப்படியே இருக்கு, நான் ஒண்ணையும் கழட்டல. கம்ப்யூட்டர்ல சூடான தண்ணி இங்க வந்து ஆறிட்டுத் திரும்பப் போகுமாம். பையன் சொல்லிக் குடுத்தான். நான் ஏழாவதோட நின்னவ, எனக்கு அவ்வளவுதான் வெளங்கும்.

வெளிய நான் வந்த ஆட்டோ நிக்கிது, டிரைவரு சத்தம் போட்டா நீங்க கண்டுக்காதீங்க. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். இத உங்க கம்ப்யூட்டர்ல மாட்டி ஓட்டிப் பாத்துட்டு, பெட்டியில ஒரு குறையும் இல்லைன்னு ஒரு தாள்ல எழுதி, கடை முத்திரை போட்டுக் குடுக்கணும். குறை இருந்தா இருக்குன்னே எழுதுங்க, பொய் எழுதச் சொல்லல. விக்கவா? ஐயோ, விக்கிறதுக்கு இல்ல. பையன்கிட்டக் காட்டணும். போன்ல பேசுறப்ப, அந்தப் பெட்டிய ஒடைச்சு அடுப்புல போடும்மாங்கிறான். அவங்கப்பா செஞ்சது தம்பி. எங்க வீட்டுக்காரரு. தச்சு வேலை. போன மாசம் தவறிட்டாரு.

சரி, ஒரு மணி நேரம் ஓடட்டும். நான் இந்த ஸ்டூல்லயே உக்காந்துக்கிறேன். தண்ணி ஒழுகாதுல்ல? அடியில ஒரு துணி போட்டு வைங்களேன். சரி, சரி, உங்க வேல உங்களுக்குத் தெரியும்.

அவர எங்க தெருவுல அரைநூலுன்னுதான் கூப்பிடுவாங்க. நூல்னா மர வேலையில ஒரு அளவு, ஒரு அங்குலத்துக்கு எட்டு நூலு. அரை நூலு பிசகினாக்கூட செஞ்சதப் பிரிச்சுப் போட்டுட்டு மொதல்லேர்ந்து செய்வாரு. கல்யாணமாகி வந்த புதுசுல எனக்குக் கோவமா வரும். அலமாரி கேட்ட வீட்டம்மா வாசல்ல வந்து நிக்கிது, இவரு கதவக் கழட்டி மடியில வச்சிட்டு உக்காந்திருக்காரு. யாருக்குத் தெரியப் போவுதுன்னு கேட்டா, கதவுக்குத் தெரியும்பாரு. அந்த மாதிரி மனுசன்.

பையன் அப்படியே நேரெதிரு. கம்ப்யூட்டர்ல படம் செய்யிறவன். மரம், மழை, ஓடுற குதிரை, எல்லாம் நெசம் மாதிரியே இருக்கும். ஒரு கம்பெனிக்காரங்க ஒரு காடு முழுசும் செஞ்சு தரச் சொல்லியிருந்தாங்க. ஆறு மாச வேல. அத முடிச்சுக் குடுத்தா அங்கயே நெரந்தரமா எடுத்துக்கிறதாப் பேச்சு. அதுக்காக ராவும் பகலும் மிசினு ஓடும். அவன் ரூமுல உக்கார முடியாது, அப்படி ஒரு அனல். அப்பதான் இந்த ரேடியேட்டர வாங்கிட்டு வந்தான். ரூமுல வச்சா மறுபடியும் அனல்தான், அதனால செவுத்துல ஓட்டை போட்டு, குழாய இழுத்து, வெளிய நடையில வைக்கிறதா ஏற்பாடு. நடைன்னா எங்க ரூமு வாசல்தான். எங்க வீடு அவ்வளவுதான் பெருசு.

அப்பா, இதுக்கு ஒரு பெட்டி செஞ்சு குடுங்கன்னான். பிள்ள வாயத் தெறந்து அவருகிட்ட ஒண்ணு கேட்டது, எனக்குத் தெரிஞ்சு அதுதான் மொதத் தடவ. மனுசனுக்குத் தலகால் புரியல. காட்டிக்கலையே தவிர எனக்குத் தெரியாதா. அன்னிக்கு ரெண்டு தடவ சவரம் பண்ணிக்கிட்டாரு.

செஞ்சு எடுத்துட்டு வந்தாரு பாருங்க, நகைப்பெட்டி தோத்துச்சு. எறும்பு போக எடமில்ல. பையன் தலையில கைய வச்சிட்டான். காத்துப் போகணும்ப்பா, இது பெட்டியில்ல, சமாதிங்கிறான். இவரு, சந்து விட்டா அதுக்குப் பேரு பெட்டியா, தட்டிக் கூடைங்கிறாரு. ரெண்டு பேரும் எண்ணெயில போட்ட கடுகாட்டம் பொரியிறாங்க. நான் நடுவுல சோத்துத் தட்ட வச்சிட்டு நிக்கிறேன். மூணு நாளு பேச்சு வார்த்த இல்ல.

நாலாம் நாளு என்ன பண்ணாருன்னு நெனைக்கிறீங்க? பக்கத்து வீட்டு டிரைவருகிட்ட ஒரு சிகரெட்டு வாங்கிட்டு வந்தாரு. சிகரெட்டே தொடாத ஆளு. பட்டறையில உக்காந்து, பெட்டிக்கு முன்னால பொகைய ஊதி ஊதிப் பாக்குறாரு. எங்க பொக நிக்கிதோ அங்க ஒரு பலகையக் கழட்டுறாரு. மறுபடி ஊதுறாரு, இருமுறாரு, கண்ணுல தண்ணியா ஊத்துது. நான் போய்த் திட்டுனேன். காத்து எப்படி நடக்குதுன்னு இப்பதான் பாக்குறேன், சும்மா இருங்கிறாரு. அப்படிப் பாத்துப் பாத்துச் செஞ்சதுதான் இந்தச் சாய்வுப் பலக. முன்னாடி வழியா இழுக்கும், பின்னாடி முழுக்கத் தெறந்து விட்டுருக்கும். செவுத்துக்கும் பெட்டிக்கும் நடுவுல எவ்வளவு எடம் வேணும்னு தரையில கோடுகூடக் கிழிச்சு வச்சாரு. பையன் தொட்டுத் தொட்டுப் பாத்தான். அவரு தோள்ல ஒரு தட்டு தட்டிட்டுப் போனான். அன்னிக்கு அவரு ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டாரு.

அஞ்சு மாசம் ஓடுச்சு தம்பி. ஒரு கொறையும் இல்ல. சத்தம் மட்டும் இருந்துச்சு. ஒம்போது ஃபேனு, ஊய்ங்ங்னு, காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி. பழகிருச்சு.

அப்புறம் ஒரு நாளு மத்தியானம். பையன் கம்பெனிக்காரங்களப் பாக்க வெளிய போயிருந்தான். மிசினு ஓடிட்டு இருக்கு, இன்னும் ரெண்டு நாளு ஓடுனா வேல முடிஞ்சுது. நான் மருந்துக் கடைக்குப் போயிட்டு வர்றேன், வீடு பூரா கருகுன வாட. குழாய்ங்க கண்ணாடி மாதிரி இருக்குமே, அது தண்ணிச் சூட்டுல எளகி, பிடியில இருந்து கழண்டு, மிசினுக்குள்ள தண்ணியாக் கொட்டியிருக்கு. எல்லாம் போச்சு. காடும் போச்சு. நகல் ஒண்ணு எடுத்து வச்சிருந்தான், அதையும் அதே மிசினுக்குள்ளதான் வச்சிருந்தான். வீட்டுச் சாவியையும் மாத்துச் சாவியையும் ஒரே பையில போட்டுத் தொலைச்ச கதைதான்.

பையன் வந்தான். எங்க வீட்டுக்காரரு கட்டிலப் பிடிச்சிட்டு எந்திரிச்சு வந்து, அவன் கேக்குறதுக்கு முன்னாடியே சொன்னாரு. என் அளவு பிசகிருச்சுப்பா, காத்துக்கு நான் விட்ட எடம் பத்தலன்னு.

அவன் பேசுனதெல்லாம் நான் உங்ககிட்டச் சொல்ல மாட்டேன். பெத்த பிள்ள. ஆறு மாசம் தூங்காதவன், ஏதோ வயித்தெரிச்சல்ல பேசிட்டான். கடைசியா ஒண்ணு சொன்னான், உங்க ஜம்பத்துல என்னையும் வச்சு அடைச்சிட்டீங்களேன்னு. மறுநாளே கெளம்பி வேற ஊருக்குப் போயிட்டான். ரெண்டு வருசம் அப்பாகூட ஒரு வார்த்த பேசல. எனக்கு மட்டும் ஞாயித்துக்கிழம தவறாமப் போன் பண்ணுவான். சாப்பிட்டியாம்மா, மாத்திர போட்டியாம்மான்னு. இவரு பக்கத்துலயே உக்காந்து நகத்தப் பாத்துட்டு இருப்பாரு. நல்லா இருக்கானாம்னு நான் சொன்னா, ம்ம்பாரு.

அதுக்கப்புறம் அவரு அளவெடுத்துச் செய்யிற வேலையே எடுக்கல தம்பி. என் கண்ணு போயிருச்சு, வேற ஆளப் பாருங்கன்னு வர்றவங்களத் திருப்பி விட்டாரு. அடுத்தவன் செஞ்ச நாற்காலிக்கு வார்னிஷ் அடிச்சுக் குடுத்தாரு. அந்த மனுசன்! போன மாசம் அவரு தவறுனப்பப் பையன் வந்தான், செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சான். ஆனா அழல. நடையில இந்தப் பெட்டியப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிட்டான். செத்தவரு மேல இருக்கிற கோவத்த எங்க போயி எறக்குறது, சொல்லுங்க. அது அவன் நெஞ்சுலயே கெடந்து புழுங்கும்ல.

என்ன, ஆயிருச்சா? தண்ணிச் சூடு எவ்வளவு காட்டுது? முப்பத்தெட்டு டிகிரியா? அது நல்லதா, கெட்டதா? ... கடையில வாங்குறதவிட நல்லா இருக்கா. இன்னொரு தடவ சொல்லுங்க. ... எனக்குத் தெரியும். ஆனா நீங்க சொல்லிக் கேக்கணும்ல.

ஆமா, நீங்க கேக்குறது நாயந்தான். இவ்வளவு நல்லாக் காத்து ஓடுற பெட்டி அன்னிக்கு மட்டும் எப்படிச் சூடாச்சுன்னு. பின்னாடி ஏதாவது அடைச்சிருந்தாத்தான் அப்படி ஆகுமா?

போர்வைதான் தம்பி. நான்தான் அடைச்சேன்.

அவருக்கு அப்ப நாலு நாளா காய்ச்சலு. கண்ண மூட முடியல. அன்னிக்கு மத்தியானம்தான் கொஞ்சம் அசந்தாரு. இது ஊய்ங்ங்னு கத்துது, அவரு தூக்கத்துல நெத்தியச் சுருக்குறாரு. நான் அந்தக் கனத்த போர்வைய எடுத்து, பின்னாடி நல்லாத் திணிச்சேன். சத்தம் பாதியா அடங்குச்சு. மருந்து வாங்கிட்டு வந்து எடுத்துரலாம், பத்து நிமிசத்துல என்ன ஆயிரப் போவுதுன்னு நெனைச்சேன். அங்க பாத்தா கடைக்காரரு சாப்பிடப் போயிட்டாரு. அவரு வர்ற வரைக்கும் நின்னேன். முக்கா மணி நேரம்.

நான் திரும்பி வர்றப்ப போர்வை அங்க இல்ல. பதட்டத்துல எனக்கு எங்கன்னு தோணல. கொஞ்ச நேரங்கழிச்சு அலமாரியத் தெறந்தா, நாலா மடிச்சு, ஓரத்தோட ஓரம் சேத்து, அடியில வச்சிருக்கு. எங்க வீட்டுல அப்படி மடிக்கிற ஆளு ஒருத்தருதான். கை வச்சுப் பாத்தேன், இன்னும் சூடு ஆறல.

நான் சொல்லத்தான் போனேன் தம்பி. பையன் துணியெல்லாம் பையில அடுக்கிட்டு இருந்தான். நான் எந்திரிச்சேன். இவரு என் கையப் பிடிச்சாரு. அவனுக்குப் பேசுறதுக்கு இந்த வீட்டுல ஒரு ஆளு மிச்சம் வேணும், உக்காருன்னாரு. நான் உக்காந்துட்டேன். ரெண்டு வருசமா உக்காந்துட்டே இருந்துட்டேன்.

சொல்லிட்டாப் போன் பண்றத நிறுத்திருவானோன்னு ஒரு பயம். எனக்கு இனிமே அவன் ஒருத்தன்தானே. நாளைக்கு ஞாயித்துக்கிழம.

பெட்டியில குறை இல்லைன்னு எழுதிட்டீங்களா? காரணம்னு ஒரு எடம் இருக்கா? அதையும் எழுதிருங்க, பின்னாடி போர்வைய வச்சு அடைச்சதுன்னு. யாருன்னு நீங்க எழுத வேணாம், அத நான் பாத்துக்கிறேன். எழுத்தக் கொஞ்சம் பெருசாப் போடுங்க தம்பி. போன்ல அவனுக்கு நான்தானே படிச்சுக் காட்டணும்.