கோட்டுக்கு அந்தப் பக்கம்

"சாம்பல எந்த ஊர்ல சேத்துகீற?"

எண்ணூரிலிருந்து பாரிமுனை போகும் பேருந்தில் என் பக்கத்து இருக்கைப் பெண்மணி இப்படிக் கேட்டார். திருவொற்றியூரைச் சென்னை மாநகராட்சியிலிருந்து பிரித்துத் தனி நகராட்சியாக்கச் சொல்லும் மனுவுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்த இளைஞன் விழித்தான்.

"இன்னாக்கா சொல்ற?"

"நான் எண்ணூரு. கோடு எங்க போட்டுகீற, காட்டு."

அவன் வரைபடத்தை விரித்தான். "நீங்க தனி ஊராப் பூடுவீங்க. கம்பெனிங்க மட்டும் எங்க பக்கம்."

"கம்பெனி வரி உனுக்கு, அதும் பொகைல வர்ற சாம்பலு எனுக்கா? தொவச்ச துணி கொடியிலயே கருப்பாவுது. எம் பொண்ணு மூச்சு வாங்கிகினு ஆஸ்பத்திரில கெடக்கறா, அவளுக்குத்தான் சோறு எடுத்துகினு போறேன். எங்கிட்டயே கையெழுத்து கேக்குறியே, வெக்கமா இல்ல?"

"நான் போடலக்கா. யாரோ படிச்ச பெரியவரு போட்டுக் குடுத்தாராம்."

"அந்தப் படிச்ச கஸ்மாலத்த எங்க வூட்டு மொட்ட மாடில ஒரு ராத்திரி படுக்கச் சொல்லு. காத்தால அவரு மூஞ்சி அவருக்கே தெரியாது."

பேருந்து சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அந்தக் கோட்டைப் போட்டவன் நான். ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியன். ஆலைகளின் மதிலை ஒட்டி இழுத்து, அதற்கு அப்பால் இருந்த வீடுகளை வெளியே விட்டேன். தெரிந்தேதான் விட்டேன்.

காலடிப்பேட்டை வந்தது. எழுந்தேன். அவர் சாப்பாட்டுக் கூடையை இழுத்து வழிவிட்டார்.

"பாத்து எறங்கு நைனா."