ஒழுங்கையின் மறுபக்கம்

அவைக்குத் தலைமை தாங்கும் பெருந்தகையே! பங்கின் பாரத்தைப் பரிவோடு சுமக்கும் பங்குத்தந்தை அவர்களே! அருட்சகோதரிகளே! அலைகளோடு ஆயுளைக் கழித்த பெரியோர்களே! உலையையும் உறவையும் ஒருங்கே காக்கும் தாய்மார்களே! குருநகர்க் கடற்காற்று குளிர்விக்கும் இம்முற்றத்தில் உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நான் இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கணிதம் கற்பிப்பவன். நிறுவ முடியாததை மேடையில் சொல்லக் கூசுபவன். ஆகவே இன்று எதையும் நிறுவப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

மீன் விற்கும் செபஸ்தியம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். அவருடைய சம்மதத்தோடுதான் பேசுகிறேன். பின்வரிசையில் யாரோ, "ஆள் எங்கை?" என்கிறீர்கள். வரமாட்டாராம். "நீங்கள் கதையுங்கோ, நான் இருந்து கேட்க ஏலாது" என்றுவிட்டார்.

பலம் என்றால் என்ன பலம்! புயல் பிய்த்தெறிந்த கூரையைத் தன் கையாலேயே திருப்பிப் போட்டவர். நிறைந்த மீன்பெட்டியைத் தூக்க எவரையும் கூப்பிடாதவர்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், மழை விட்ட ஒரு காலையில், அவருடைய கணவர் செபநாயகம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதியைக் கடந்தார். வேகமாக வந்த மோட்டார் சைக்கிள் ஈரத்தில் வழுக்கி அவர்மேல் மோதியது. அன்று மாலையே உயிர் பிரிந்தது. ஓட்டி வந்தவன் யார்? ஊர் தெரியாதவனா? உறவு அறியாதவனா? இல்லை. அதே குறுகிய சந்தில், ஒழுங்கையின் மறுபக்க வீட்டுக்காரன், அருட்செல்வன். சின்ன வயதில் செபநாயகத்தின் தோளில் ஏறித் திருநாள் பார்த்தவன். மன்னிப்புக் கேட்டு அந்த வீட்டு வாசலில் மூன்று முறை நின்றான். கதவு திறக்கவேயில்லை.

மன்னிக்க வேண்டும் என்று செபஸ்தியம்மாவுக்குத் தெரியாதா? தெரியும். முயன்றார். தவக்காலம் முழுதும் ஒருவேளை உணவோடு ஒருசந்தி இருந்தார். சிலுவைப்பாதை நடந்தார். வீடு திரும்பினால், எதிர்வீட்டில் அவன் இருமும் சத்தம் கேட்டாலே, கதவின் தாழை நீக்கக் கை வரவில்லை. கூரையைத் தூக்கிய கை! தோற்றார். மறுபடி முயன்றார். மறுபடியும் தோற்றார்.

போன ஆவணியில் ஒரு முற்பகல். அருட்செல்வனின் மனைவி தயாளினி ஒழுங்கையைக் கடந்து ஓடி வந்தாள்.

"மாமி, அவர் அஞ்சு நாளாய்ச் சாப்பிடேல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். 'நான் ஏன் இருக்கிறன்' எண்டு கேட்கிறார். எனக்குப் பயமாயிருக்கு. ஒருக்கால் வாங்கோ."

"என்னாலை ஏலாது, பிள்ளை. நீ போ."

அவள் போய்விட்டாள். அடுப்பில் கஞ்சி கொதித்தது. செபஸ்தியம்மா குசினிச் சுவரில் சாய்ந்து வாய்விட்டே சொன்னார்:

"ஆண்டவரே, எனக்கு உவனைப் பார்க்க ஏலாது. மூண்டு வருசமாய் முயண்டு பார்த்திட்டன். என்னட்டை இனி ஒண்டுமில்லை. நான் போகவேணுமெண்டால் நீர்தான் கொண்டுபோக வேணும்."

ஒளி தோன்றியதா? இல்லை. குரல் கேட்டதா? இல்லை. கோபமாவது தணிந்ததா? அதுவும் இல்லை என்கிறார். ஆனால் கை கஞ்சிச் சட்டியை எடுத்தது. கால் படியிறங்கியது.

அவரைக் கண்டதும் அருட்செல்வன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"எழும்பு. கஞ்சி ஆறப்போகுது."

"மாமி, நான்..."

"கதையாதை. முதல் குடி."

குடித்தான். அழுதுகொண்டே குடித்தான். சட்டி காலியாகும்வரை அவர் பக்கத்திலேயே இருந்தார். மறுநாளும் போனார். நாலாம் நாள், தயாளினியோடு சேர்ந்து அவனை வைத்தியரிடம் கூட்டிப்போனார். இன்று அவன் கடலுக்குப் போய் வருகிறான்.

முன்வரிசை அண்ணை கண்ணைத் துடைக்கிறார். பொறுங்கள் அண்ணை, இன்னும் ஒன்று இருக்கிறது. "எப்படி அம்மா மன்னிச்சீங்கள்?" என்று நான் கேட்டேன். மீன் வெட்டிக்கொண்டே சொன்னார்:

"நான் எங்கை தம்பி மன்னிச்சனான்? எனக்கு அது இண்டைக்கும் ஏலாது. ஒவ்வொரு நாளும் விடிய ஆண்டவரிட்டைத்தான் கேட்கிறன். அண்டண்டைக்குத் தாறார்."

அன்புடையோரே! நம் பலம் முடிந்த இடத்தில் நாம் முடிந்துபோகிறோமா? ஏலும் என்று நிமிர்ந்த மூன்றாண்டில் திறவாத கதவு, ஏலாது என்று பணிந்த ஒரு காலையில் திறந்ததே! எவர் வல்லமையால்? என் கணிதத்தில் அதற்கு விடையில்லை. செபஸ்தியம்மாவிடம் இருக்கிறது. ஏலாது என்று இறைவனிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள்!

இருந்து கேட்ட உங்களுக்கும், இடம் தந்த தந்தைக்கும் என் நன்றி. ஆண்டவரின் அமைதி உங்கள் வீடுகளில் தங்கட்டும். வணக்கம்.