ஊமைப் பிரதி

ஒரே ஸ்கிரிப்ட் கணினியில் இரண்டு பிரதியாக ஓடுவது பெரிய கோளாறே இல்லை, மாப்பிள்ளை. நீ சொன்னதுதான்.

தொண்டை அறுவை சிகிச்சையில் உன் அக்காவுக்குப் பேச்சு போனபின், கட்டிலோரம் ஒரு பொத்தான் வைத்து, அதை இயக்க கணினியில் ஒரு ஸ்கிரிப்டும் எழுதிக் கொடுத்தாய். அவள் அழுத்தினால் என் அறைக் கணினியில் அவளுடைய பழைய குரல் ஒலிக்கும்: "ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்." ஒருநாள் அது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முறை ஒலித்தது. உனக்குப் போன் செய்தேன்.

"ஸ்கிரிப்ட் ரெண்டா ஓடுது மாமா. டாஸ்க் மேனேஜர்ல ஒண்ணை மூடிடுங்க, போதும்."

கணினியைப் போடும்போதெல்லாம் இரண்டும் வந்து நிற்கும். இரண்டாவதை மூடினால் எல்லாம் சரியாக இருந்தது. முதலாவதை மூடினால் மிஞ்சியது ஊமை. அவள் அழுத்தும்போது திரையில் ஒரு பச்சைப் புள்ளி மின்னும், குரல் வராது. உன் வீட்டிலிருந்து நீ பார்த்தாலும் ஸ்கிரிப்ட் ஓடுவதாகவே தெரியும். இதை உன்னிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

அவளைக் கவனிப்பதில் எனக்குச் சலிப்பே இல்லை. குளிப்பாட்டினேன், கழுத்துக் குழாயில் அடைக்கும் சளியை உறிஞ்சி எடுத்தேன். அந்தக் குரலைத்தான் தாங்க முடியவில்லை. நன்றாக இருந்த காலத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசியது. ஒவ்வொரு முறையும் ஒரு கணம் ஏமாந்து அவளிடம்தான் ஓடினேன். அங்கே படுத்திருந்தவள் வேறொருத்தி.

அதனால் சில மதியங்களில் முதலாவதை மூடினேன். கொஞ்ச நேரம்தான். பிறகு நானே போய்ப் பார்த்துவிடுவேன். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. பொத்தானைக் காட்டி, உதட்டைப் பிதுக்குவாள். "மறுபடி மக்கர் பண்ணுது, தம்பிகிட்ட சொல்றேன்" என்பேன். தலையாட்டுவாள்.

அடக்கம் முடிந்த அன்று நீ என் தோளில் சாய்ந்து, "என் ஸ்கிரிப்ட்தான் மாமா அக்காவைக் கொன்னுடுச்சு" என்றாய். வேலையையும் விட்டுவிட்டாயாம். உன் ஸ்கிரிப்டில் அப்படிப்பட்ட பிழை எதுவும் இல்லை. அதைச் சொல்லத்தான் வரச் சொன்னேன்.

அவளுடைய கடைசி நாள் மதியமும் முதலாவதை மூடியிருந்தேன். பச்சைப் புள்ளி மின்னியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி மின்னியது. பிறகு விடாமல் மின்னியது. கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்திருந்தேன். கடைசியில் நின்றுவிட்டது. தூங்கிவிட்டாள் போல, பாவம், எழுப்ப வேண்டாம் என்று சத்தமில்லாமல் எழுந்துபோய் அவள் அறைக் கதவைச் சாத்தினேன்.